வைகாசிக் குளிரில் ஒரு தனிநடை

இக்காஸ்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு டென்மார்க்கில் நன்றாகத் தெரிந்த பாதை ஒன்றுதான். வீட்டிலிருந்து நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் வரை சைக்கிளில் போகிற பாதை. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீடுகளுக்கும் காரில் போவோம். கண்ணாடிக்கு வெளியே வயலும் காடும் ஓடும். அவற்றுக்குள் நான் கால் வைத்ததில்லை.

ஒரு வைகாசியில் எனக்கு ஒரு கிழமை லீவு மிஞ்சியது. தொழிற்சாலையில் கணவருக்கு லீவு இல்லை. மகள் படிப்புக்காக வேறு நகரத்தில் இருந்தாள்.

"வீபோர்க்கிலையிருந்து யெல்லிங் மட்டும் நடக்கப் போறன்," என்றேன்.

"ஆரோடை?"

"தனிய."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கென்ன விசரே? நடக்கிறதெண்டால் சில்க்போர்க் ஏரியைச் சுத்தி நடவன். நான் கூட்டிக்கொண்டு போறன்."

மகளோ தொலைபேசியில், "ஃபெட், அம்மா!" என்று கத்தினாள். சோக்கான விஷயத்துக்கு இங்குள்ள பிள்ளைகள் சொல்லும் சொல் அது. அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

வீபோர்க்கிலிருந்து யெல்லிங் வரை ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்; முன்னொரு காலம் படைகளும் மாட்டு மந்தைகளும் தெற்கே போன பாதை அது. இப்போது முதுகில் பை மாட்டியவர்கள் நடக்கிறார்கள். என் பையில் உறைப்புச் சம்பல் போத்தல், மிளகாய்த்தூள், மூன்று கம்பளிச் சட்டை, கோதுமை ரொட்டி, ஒரு சின்னச் சட்டி எல்லாம் இருந்தன. வீபோர்க்கில் ரயிலைவிட்டு இறங்கி ஏரிக்கரை வரை நடப்பதற்குள்ளேயே தோள் விட்டுப்போனது. பாரத்தைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பிடுவது. வழியில் கண்ட மர வாங்கிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆனால் அந்த முதல் நாள் காலையை மறக்கமாட்டேன். பீச் என்கிற காட்டு மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. வெயில் அந்த இலைகளுக்குள்ளால் இறங்கி, என் கைகூடப் பச்சையாகத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் "ஹெய்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரே தலையை மட்டும் ஆட்டுகிற நாட்டில், காட்டுக்குள் எல்லாரும் சொந்தக்காரர் மாதிரி இருந்தார்கள்.

பின்னேரம் ஆலங்கட்டி மழை பிடித்தது. மூக்கிலும் கன்னத்திலும் கல்லால் எறிந்த மாதிரி. நடப்பவர்கள் தங்குவதற்கென்று பாதையோரம் மரக்குடில்கள் இருக்கும். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் திறந்தவெளி. நனைந்து விறைத்து அப்படியொன்றை அடைந்தபோது, உள்ளே ஒரு டேனிஷ்காரர் ஒரு பெரிய நாயோடு இருந்தார். என் வயதுதான் இருக்கும். தன் சாமான்களை ஓரத்துக்குத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

நான் ஈரச் சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் விளிம்பிலேயே இருந்தேன். தெரியாத ஆணோடு ஒரே கூரையின் கீழ் எப்படிப் படுப்பது? இதையெல்லாம் யோசிக்காமல் வெளிக்கிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழும்பிக் கூடாரப் பையை எடுத்தார்.

"என் நாய் பலமாகக் குறட்டை விடும். உங்களால் தூங்க முடியாது. நாங்கள் அந்த மரத்தடிக்குப் போகிறோம்," என்றார் டேனிஷில்.

"மழை பெய்கிறதே," என்றேன்.

"அவனுக்கு மழை பிடிக்கும்."

நாயின் முகத்தில் அப்படியொரு விருப்பத்தை நான் காணவில்லை. வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனது. அவரைக் கூப்பிட்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. காலையில் நான் கண்விழித்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். குடிலுக்குள், என் கால்மாட்டில், நனையாத விறகு கொஞ்சம் அடுக்கியிருந்தது. நான் விழித்துவிடாமல் எப்படி வைத்தாரோ தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை. குதிக்காலில் கொப்புளம் போட்டு உடைந்தது. குளிரில் கைத்தொலைபேசியின் பற்றரி செத்துப்போனது. பைன் மரத் தோட்டமொன்றில் வழி தவறி, வெட்டிப்போட்ட மரமொன்றில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். கேட்க ஒருவரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன். அழுது முடிந்ததும் பசித்தது. சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பி நடந்து, பாதையைக் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் நாள், பாதை கடந்துபோகும் வ்ராஸ் என்ற சின்ன ஊரில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் எங்கள் கார் நின்றது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. உள்ளே வேலை உடுப்போடு கணவர் நித்திரையாக இருந்தார். கண்ணாடியில் தட்டினேன்.

"நீங்கள் ஏன் இஞ்சை?"

"சும்மா. காத்து வாங்க வந்தனான்."

"இக்காஸ்டிலை காத்து இல்லையே?"

அவர் சிரிக்கவில்லை. "ஏன் போன் எடுக்கேல்லை?" என்றார். "வேலையிலை ஒண்டும் ஓடேல்லை. சொல்லிப்போட்டு வந்திட்டன். இந்த ரோட்டிலை மேலையும் கீழையுமா எத்தினை தரம் ஓடினனான் தெரியுமே?"

"பற்றரி செத்துப்போச்சுதப்பா."

பின் இருக்கையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்தார். புட்டு. அவரே அவித்தது. வீட்டில் அவர் தேத்தண்ணிக்கு மேல் எதையும் போட்டு நான் கண்டதில்லை. கட்டி கட்டியாக, நடுவில் மா தெரிந்தது. கத்தரிக்காய்க் கறியில் உப்பில்லை. காரின் சூட்டுக்குள் இருந்தபடியே வழித்துச் சாப்பிட்டேன்.

"வா, வீட்டை போவம். காலைப் பார்."

எனக்கும் ஆசைதான். இருக்கை இதமாக இருந்தது. 'சரி' என்று வாய் வரைக்கும் வந்தது.

"இல்லையப்பா. முடிச்சிட்டு வாறன்."

அவர் காரிலிருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். தினமும் யார் யாரோ காலுக்கு மருந்து போடுகிறவள் நான். என் காலை ஒருவர் மடியில் வைத்திருப்பது கூச்சமாக இருந்தது. வெள்ளைத் துணியை அளவுக்கு மேல் சுற்றினார். சப்பாத்துக்குள் கால் போகவில்லை. அவிழ்த்து மறுபடி சுற்றினார். தொலைபேசிக்குக் காரிலேயே சார்ஜ் ஏறியது. பிறகு தொழிற்சாலைச் சப்பாத்தோடு மேட்டின் உச்சி வரை என் பையைச் சுமந்து வந்தார்.

"இதுக்குள்ளை என்ன, கல்லே?"

"சம்பல்."

"அப்ப சரி," என்று பையை என் தோளில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மேட்டுக்கு அப்பால் பழுப்பு நிறப் புதர்வெளி விரிந்து கிடந்தது. வானம்பாடிகள் உயரத்தில் நின்று கத்தின. இத்தனை வருடமும் இது என் வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது.

யெல்லிங்கை அடைந்த நாள் காற்று சில்லென்று அடித்தது, ஆனால் வெயில் எறித்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு புல்லில் இருந்தேன். பக்கத்தில் கையில்லாத சட்டை போட்ட ஒரு அம்மா, குளிரில் கையெல்லாம் மயிர்க்கூச்செறிய, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி இருந்தார்.

"கடைசியில் கோடை வந்துவிட்டது, இல்லையா?" என்றார் என்னிடம்.

எனக்குப் பல் கிட்டியது. "ஆமாம், வந்துவிட்டது," என்றேன் டேனிஷில். மனதாரத்தான் சொன்னேன்.