பதின்மூன்றாம் வரிசை

2010 பிப்ரவரி ஒன்பது, காலை ஐந்து ஐம்பது. மில்வாக்கியில் பயணிகள் ஏறுவதற்கு முன், சீருடை அணிந்த நெட்டையான பெண்மணி ஒருவர் என் விமானத்தின் நடைவழியில் வால்பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இருபுறத்து இருக்கைகளின் தலைப்பகுதியையும் ஒன்று விடாமல் தொட்டார், உதடுகள் அசைந்தன. ஏதோ பிரார்த்தனை என்று எண்ணினேன். கடைசி வரிசைவரை போய்த் திரும்பியவர் என்னிடம் சொன்னார்: "எழுபத்தாறு. பொழச்சீங்க."

டெல்ஃபின் நோவாக் பெரிய நிறுவனத்தின் விமானி. அதே நிறுவனத்தின் வண்ணம் பூசிய சிறு விமானங்களை ஒப்பந்தக் கூலிக்கு ஓட்டும் வெளி நிறுவனமொன்றில் நான் துணை விமானி. பயணச்சீட்டில் அவர்கள் பெயர் இருக்கும்; என் சம்பளச் சீட்டில் வேறு பெயரும், அவர்கள் வாங்குவதில் பாதிக்கும் குறைந்த தொகையும் இருக்கும். எழுபத்தாறு இருக்கைக்கு மேற்பட்ட எந்த விமானத்தையும் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய சங்க ஒப்பந்தம். இருக்கை ஒன்று கூடினாலும் அந்த வேலை அவர்களுடையது. எனவே, எந்தச் சிறு விமானத்தில் பயணியாக ஏறினாலும் டெல்ஃபின் எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

சரக்கு விமானங்கள் ஓட்டியே நாற்பதுகளைக் கழித்து, தாமதமாகப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தவர். மூன்றாம் ஆண்டே, அழைக்கும்போது வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை மில்வாக்கியை ஒட்டிய மேற்கு ஆலிஸில் ஓர் இரும்புக்கடையில் ஆணிகளை எடைபோட்டுக் கொடுத்தார். கடைக்கு நேர் மேலேதான் விமானங்கள் தாழ்ந்து வரும். "எங்க சட்டையைப் போட்டுக்கிட்டு வேற எவனோ என் வேலைக்குப் போறான். நான் கீழ நின்னு கையாட்டணுமா?" என்பார். ஐம்பத்தொன்பது வயதிலும் அவர் துணை விமானிதான், வலப்பக்க இருக்கைதான்.

தொட்டு எண்ணும் பழக்கத்துக்கு ஒரு தோல்வி காரணம். வேலைக்குத் திரும்பிய புதிதில், ஒரு சிறு விமானத்தின் கடைசி வரிசையில் இருபது என்ற எண்ணைப் பார்த்திருக்கிறார். வரிசைக்கு நான்கு, ஆக எண்பது. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று சங்கத்தை உசுப்பி முறையீடு கொடுக்க வைத்தார். விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, பதின்மூணாம் வரிசை எங்க இருக்குன்னு காட்ட முடியுமா?" ராசியில்லாத எண் என்பதால் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்கு என்றே அந்த விமானத்தில் எழுதியிருந்தார்கள்; இருந்தது பத்தொன்பது வரிசை, எழுபத்தாறு இருக்கைதான். மறுநாள் அவருடைய தபால் பெட்டிமேல் யாரோ 13 என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். டெல்ஃபின் அதைக் கிழிக்கவில்லை. ஓரம் பெயர்ந்தபோது, தாமே பசை தடவி மறுபடி ஒட்டினார்.

2012 இலையுதிர் காலத்தில் பெரிய நிறுவனம் தன் விமானிகளிடம் புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு உயரும், எழுபத்தாறு தொண்ணூறாகும். விமானிகள் வாக்களிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நாங்கள் கூடும் உணவகத்தில், கெர்ஹார்ட் லீட்ஸ் என்ற மூத்த கேப்டன் டெல்ஃபினை மடக்கினார்.

"உனக்கு மூணு வருஷம்தான் பாக்கி, டெல்ஃபின். வர்ற பணத்தை வாங்கிக்கிட்டுப் போயேன். எவனுக்காக இந்தக் கூச்சல்?" என்று கேட்டபடி டெல்ஃபினின் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு வறுவலை எடுத்தார்.

டெல்ஃபின் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "மொதல்ல அம்பதுன்னாங்க. அப்புறம் எழுபதுன்னாங்க. அப்புறம் இன்னும் ஒரு ஆறுதானேன்னாங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் கை நீட்டினீங்க, கெர்ஹார்ட்."

விடுமுறை நாளெல்லாம் விமானிகள் அறை வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில், பிளாஸ்டிக் பைக்குள் ஒப்பந்தப் புத்தகம். நிற்காமல் போனவர்களோடு வாகன நிறுத்தம்வரை பேசிக்கொண்டே நடந்தார்.

அவர் தோற்றால் எனக்கு லாபம். தொண்ணூறு இருக்கை விமானங்கள் எங்கள் நிறுவனத்துக்கு வரும். ஆறு மாதத்தில் நான் கேப்டன். குழந்தை பிறக்கவிருந்த நேரம். மறைக்காமல் சொன்னேன்: "நீங்க ஜெயிச்சா நான் இன்னும் பல வருஷம் வலது பக்கமே உக்காரணும்."

"நானும் அங்கதானே உக்காந்திருக்கேன், சின்ன வண்டிக்காரரே," என்றார். "பெரிய வண்டியச் சின்னச் சம்பளத்துக்கு ஓட்ட ஆசைப்படாத. அந்த வண்டி எங்ககிட்ட வரட்டும், நீயும் வா."

டிசம்பரில் ஒரு காலை, ஒமாஹாவில் கடும் பனி. என் மனைவி ஆனிகாவை மில்வாக்கி மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று கிளம்பவிருந்தது ஒரே விமானம். அதில் இடங்கள் நிரம்பி, எங்களைப் போன்றவர்கள் தொற்றிக்கொள்ளும் விமானி அறையின் உபரி இருக்கையும் போய்விட்டது. பயணிகள் பகுதியில் கடைசியாக மிஞ்சிய இடம் டெல்ஃபினுக்குக் கிடைத்திருந்தது. ஒமாஹா விமானிகளிடம் பேச வந்திருந்தார். அன்று மாலை ஆறு மணிக்கு மில்வாக்கியில், வாக்கெடுப்புக்கு முந்தைய இறுதிக் கூட்டம். அவர் பேசாவிட்டால் எதிர்த்துப் பேச வேறு ஆளில்லை.

அவர் தம் சீட்டை என் கையில் திணித்தார். "ஒரு சீட்டு பாக்கி. மறந்துடாத," என்று சொல்லிவிட்டு வாடகைக் கார் கவுண்டரை நோக்கி நடந்தார். மகள் பிறப்பதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அவருக்கு வழியில் ஐயோவா மாநிலம் முழுக்கப் பனி. ஒன்பது மணி நேரம் ஓட்டி, ஈரக் காலணியோடு அவர் கூட்டத்துக்குள் நுழைந்தபோது தலைவர் கோப்புகளை மூடிக்கொண்டிருந்தாராம். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் வரிசைக் கதையைத் தாமே சொல்லி அனைவரையும் சிரிக்க வைத்தார் என்றும், பிறகு, "அன்னிக்கு நான் தப்பா எண்ணினேன். இன்னிக்கு நீங்க தப்பா எண்ணாதீங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார் என்றும் கெர்ஹார்ட்தான் என்னிடம் சொன்னார். நூற்றுப்பதினோரு வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தம் தோற்றது. சம்பளம் உயரவில்லை. டெல்ஃபின் பழைய சம்பளத்திலேயே, வலப்பக்க இருக்கையிலிருந்தே, அறுபத்தைந்தில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பெரிய நிறுவனம் அந்தத் தொண்ணூறு இருக்கை விமானங்களைத் தானே வாங்கி ஆள் எடுத்தது. நானும் சேர்ந்தேன், வலப்பக்கம்தான்.

சென்ற அக்டோபரில் டென்வரில் அவரைப் பார்த்தேன். இடம் மிஞ்சினால் ஏறலாம் என்ற பட்டியலில் அவர் பெயருக்கு மேல் என் பெயர் இருந்தது. மிஞ்சியது ஒரே இடம். சீட்டை நீட்டி, பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பொண்ணுக்கு முன்பல்லு விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

விழுந்துவிட்டது என்றேன்.

"அப்போ நீ போ. காட்டணும்னு காத்திருப்பா."

சன்னலோர இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். நிலையத்தின் கண்ணாடிச் சுவரை ஒட்டி டெல்ஃபின் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வாயிலில் நின்ற சிறு விமானத்தின் சன்னல்களை, கண்ணாடியின்மேல் விரல் வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.