என் அளவுக்குத் தைத்தவை

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், பண்டிகைக்குத் துணி எடுக்க நினைக்கிற பெண்கள் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். குள்ளமாக இருக்கிறவளுக்குச் சின்னப் பூப்போட்ட துணி, முட்டிக்கு மேலேயே நின்றுவிடுகிற டாப்ஸ். இடுப்பு அகலமானவளுக்குக் கீழே அடர்ந்த நிறம், மேலே வெளிர் நிறம். கழுத்து குட்டையானவள் மூடின கழுத்து வைத்துத் தைக்கவே கூடாது. ஒல்லியானவள் கஞ்சி போட்ட பருத்தி கட்டினால் கொஞ்சம் சதை பிடித்ததுபோல் தெரியும். இதையெல்லாம் நான் எங்கும் படிக்கவில்லை. புதுவாயலில் எனக்குத் துணி தைத்துக் கொடுத்த டெய்லர் அக்காவின் கடையில் சின்ன வயதிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து காதில் விழுந்தவை.

என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. "உனக்கு மட்டும் இன்னா போட்டாலும் அப்படியே உக்காருது" என்று லைனில் என் பக்கத்தில் வேலை செய்த தோழி அடிக்கடி சொல்வாள். நாங்கள் மொபைல் சார்ஜர் பூட்டும் கம்பெனியில் இருந்தோம். அவள் அப்படிச் சொல்லும்போது நான் அடக்கமாகச் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் அது உண்மை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஆறாவதுக்குப் போனதிலிருந்து அம்மா எனக்கு ஒரு ரெடிமேட் துணிகூட வாங்கித் தந்ததில்லை. அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் சட்டை எடுப்பாள். எனக்கு மட்டும் துணியாக வாங்கி, பஸ் பிடித்துப் புதுவாயல் வரைக்கும் போவாள். எங்கள் ஊரிலேயே தையல்காரர்கள் இருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கேட்கவே வேண்டாம். "அவங்க கை நமக்கு ஒத்துவராது" என்பாள் அம்மா. டெய்லர் அக்கா அளவெடுக்கும்போது என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வாள். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொள்வார்கள். தோளுக்குள் பட்டைத் துணி வைத்துத் தைப்பது அக்காவின் வழக்கம். "இப்பல்லாம் எல்லாரும் வெக்கறாங்க கண்ணு, நல்லா நிக்கும்" என்பாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது துப்பட்டாவை அம்மாதான் பின் குத்திவிடுவாள். நான் குத்தினால் பிடிக்காது. பின்னலை எடுத்து இடது பக்கம் முன்னால் போடுவாள். யாராவது போட்டோ எடுத்தால், "கொஞ்சம் திரும்பினாப்ல நில்லு" என்று தோளைப் பிடித்துத் திருப்புவாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். துவைத்து மடித்து வைப்பதும் அவள்தான். பெண் பிள்ளையை இவ்வளவு பார்த்துப் பார்த்து உடுத்துகிற அம்மா என் சிநேகிதிகள் யாருக்கும் இல்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

கம்பெனியில் ஆரம்பத்தில் எங்கள் துணிக்கு மேலேயே தொளதொளவென்று ஒரு நீலக் கோட்டு மாட்டிக்கொள்வோம். பிறகு அதை எடுத்துவிட்டு எல்லாருக்கும் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். சாம்பல் நிறம். மார்புக்குக் குறுக்கே, ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள் வரைக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. "குறுக்குக் கோடு போட்டா ஒல்லியா இருக்கறவகூட குண்டாத் தெரிவா, இதை எவன் புடிச்சான்" என்று நான்தான் முதலில் குறை சொன்னேன். உடை மாற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. எல்லாரும் அதன் முன்னால் வரிசையாக நின்றோம்.

"இன்னாடி, ஒரு பக்கமா சாஞ்சிகினு நிக்கற? நேரா நில்லு" என்றாள் தோழி.

"நேராத்தான் நிக்கறேன்."

அவள் என் சட்டையின் அடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். பட்டை ஒரு நொடி நேராக இருந்துவிட்டு மறுபடி இடது பக்கம் இறங்கியது. தையல் கோணலாக இருக்கும் என்று நினைத்து இரண்டு பேரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டோம். என் சட்டை அவள் மேல் நேராக இருந்தது. அவள் சட்டை என் மேல் சரிந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முதுகில் கையை வைத்தாள். மெதுவாகத் தடவினாள்.

"இங்க ஒரு பக்கம் மேடா கீது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு எலும்பு டாக்டரிடம் தோழிதான் கூட்டிப்போனாள். அவர் என்னைக் குனியச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அதை வெளிச்சத்தில் மாட்டியபோது என் முதுகெலும்பு மேலே ஒரு பக்கமும் கீழே இன்னொரு பக்கமும் வளைந்து இறங்கியது.

"இது இப்ப வந்தது இல்லம்மா. பத்து, பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கும். அப்ப யார்கிட்டயும் காட்டலயா?"

"இல்ல சார். ஊட்ல யாருக்கும் தெரியாது. பாவம், எங்கம்மா கவனிச்சிருக்க மாட்டாங்க."

"வளர்ற வயசுல பெல்ட் போட்டிருந்தா இவ்வளவு தூரம் போகாம தடுத்துப் பாத்திருக்கலாம். இப்ப வளர்ச்சி நின்னுபோச்சு. பயப்படாதீங்க, பயிற்சி சொல்லித் தர்றேன். விடாம செய்யுங்க."

அம்மாவுக்காக நான் பரிந்து பேசியதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு இருந்த கவலையெல்லாம் இந்தச் செய்தியை அவளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதுதான். அவள் அழுவாள், நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொள்வாள், நான்தான் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் நைனாவும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். கொடியில் என் பச்சை டாப்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரியவில்லை, எழுந்து அதன் தோளை அழுத்திப் பார்த்தேன். பிறகு பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தேன். வலது தோளுக்குள் ஒற்றையாக ஒரு துணி. இடது தோளுக்குள் மடித்து மடித்து வைத்து, விரல் கனத்துக்கு ஒரு மெத்தை.

பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தேன். கல்லூரிக்குப் போட்டவை. பதினாலு வயதில் சர்ச்சில் திடப்படுத்தல் சடங்குக்குத் தைத்த வெள்ளைக் கவுன். அதன் இடது தோளிலும் இருந்தது, கொஞ்சம் மெல்லியதாக. நான் வளர வளர அக்கா ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டியிருக்கிறாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் பிரித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றேன்.

"நீ ஆறாவது படிக்கசொல்ல."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"திருவள்ளூர்ல காட்டனோம். சளிக்குன்னு சொல்லி உன்ன இட்டுகினு போனோம். உனக்கு ஞாபகம் இருக்காது."

"இன்னா சொன்னாரு?"

"பெல்ட்டு போடச் சொன்னாரு. அக்குள்லருந்து இடுப்பு வரிக்கும். ராவும் பகலும், வளந்து முடியற வரிக்கும்."

"ஏம்மா போடல?"

அம்மா பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "உங்க பெரிம்மா பேரு இன்னா, சொல்லு."

அம்மாவின் அக்கா தடாவில் தனியாக இருந்து செத்துப்போனவர். சின்ன வயதில் ஒரு தடவை, முதுகு கோணி நடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். கோணப் பெரிம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் பேர் எனக்கு வாயில் வரவில்லை.

"பாத்தியா? உனக்கே தெரியல. கோணச்சி, கோணச்சின்னு கூப்ட்டு கூப்ட்டு அவ பேரே பூடிச்சி. அந்தப் பெல்ட்ட கட்டிகினு நீ இஸ்கூலுக்குப் போயிருந்தா மறுநாளே உனக்கும் அந்தப் பேரு வந்துருக்கும். துணியில மறைச்சிடலாம்னு புதுவாயல் டெய்லரு சொன்னா. மறைச்சேன்."

"ஊருக்கு மறைச்சே, சரி. எனக்கு ஏம்மா மறைச்சே?"

"தெரிஞ்சிருந்தா நீ குறுகிப் போயிருப்படி. தெரியாததாலதான் நிமிந்து நடந்த."

அவள் குரலில் தப்பு செய்தவளின் நடுக்கம் இல்லை. நல்லபடியாக முடித்துக் கொடுத்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். நைனா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். "நைனா, உனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். "அம்மாதான் பாத்துகினா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. மற்ற வீடுகளில் அண்ணன்மார்கள் தங்கைகளை யானை, ஒட்டகம் என்றெல்லாம் கேலி செய்வார்கள். என் அண்ணன் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு நல்லவன் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம் அம்மா.

ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்து, அதில் மூன்று பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே என்னோடு சாப்பிட்டு, பேசி, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

புதுவாயலுக்கும் போனேன். டெய்லர் அக்கா மிஷினை நிறுத்தாமலே பேசினாள். "உங்கம்மா இங்க ஏன் வந்தான்னு நெனைக்கற? இங்க உங்கள யாருக்கும் தெரியாது, அதான். பொண்ணுகிட்ட சொல்லிடும்மான்னு நானும் சொன்னேன் கண்ணு." சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் அவள் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற போகிற பெண்களின் குறைகளை அவள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். எல்லார் உடம்பைப் பற்றியும் என்னிடம் பேசியவள், என் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

இதற்குச் சற்று முன்புதான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்தில் வேலை. சுடிதாரிலேயே பார்க்கட்டும் என்று நான் சொன்னதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அகலக் கரை போட்ட புடவையாக எடுத்து, முந்தானையை அடுக்கி இடது தோளில் உயரமாகக் குத்திவிட்டாள். புடவைதான் எனக்கு எடுப்பு என்றாள். அவர்களுக்குப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையும் நானும் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். மெதுவாகப் பேசுகிறவர். எனக்கும் பிடித்திருந்தது.

"அத்திப்பட்டு ஊட்டுக்கு மட்டும் இப்ப எதுவும் சொல்லாத" என்றாள் அம்மா. "தாலி ஏறட்டும். அப்பறம் தானா தெரிஞ்சிக்கட்டும்."

எனக்குச் செய்ததை இன்னொருவருக்கு நான் செய்ய வேண்டும் என்கிறாள். அன்று சாயந்தரமே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நேர்ல பாத்தப்ப ஒண்ணும் தெரியலயே" என்றார் அவர்.

"தெரியக் கூடாதுன்னுதான் அப்படிப் புடவ கட்டிவுட்டாங்க."

"வலிக்குதா?"

"இல்ல. எப்பனாச்சும் அசதியா இருக்கும்."

"சரி. ஊட்ல பேசிட்டு சொல்றேன்."

வலிக்கிறதா என்று அவர் கேட்டதை வைத்துக்கொண்டு நான் நிறையக் கற்பனை செய்துவிட்டேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. சம்பந்தம் பேசிவிட்ட அத்தைதான் வந்து, பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அவள் செய்தது சரி என்பதற்கு நானே சாட்சி வாங்கிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அவள் முகத்தில் கண்ட அந்தத் தெளிவை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நான் கும்மிடிப்பூண்டியில், கம்பெனிப் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா தடுக்கவில்லை. காலையில் தரையில் பாய் போட்டுப் பயிற்சி செய்தேன், இப்போதும் செய்கிறேன். முதன்முதலாகக் கடையில் ரெடிமேட் துணி வாங்கியபோது, போட்டுப் பார்க்கும் அறையில் வெகுநேரம் நின்றேன். கழுத்து ஒரு பக்கம் வழுக்கியது. அடி ஓரம் ஏறி இறங்கி இருந்தது. என் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கடை அறை வேண்டியிருந்தது. அழுகை வந்தது, கோபத்தில்.

சில வருடம் ரெடிமேட் மட்டும்தான் போட்டேன். ஒரு பிடிவாதம். பிறகு தோழியின் கல்யாணத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண்ணிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது, அவளே அளவெடுத்துவிட்டு, "அக்கா, லெப்ட் தோள் எறங்கினு கீது, தூக்கி வெக்கட்டா, அப்படியே உடட்டா?" என்று கேட்டாள். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். தூக்கி வை என்றேன். அந்த ரவிக்கையில் நான் அழகாகத்தான் இருந்தேன். இதே கேள்வியை ஆறாவது படிக்கும்போது என்னிடம் யாராவது கேட்டிருக்கலாமே என்று கல்யாணச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவோடு பேச்சு வார்த்தை இருக்கிறது. உடம்பு, மாத்திரை, மழை, அக்கம்பக்கம் என்று பேசுவோம். துணிமணி பற்றிப் பேசுவதில்லை. நான் போட்டுக்கொண்டு போவதை அவள் பார்ப்பாள், தோளில் கண் நிற்கும், உடனே எடுத்துவிடுவாள்.

அண்ணன் மகளுக்கு இப்போது பதினொரு வயது. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அவளைக் கூப்பிட்டு, சட்டையை மேலே தூக்கிக் குனிந்து நிற்கச் சொன்னேன்.

"எதுக்கு அத்தை?"

"முதுகெலும்பு நேரா கீதான்னு பாக்கறேன். எனக்கு வளைஞ்சி கீது. உனக்கும் வரலாம், வராமயும் போலாம். வந்தா இந்த வயசுலயே பாத்துக்கணும்."

அவளுக்கு நேராக இருந்தது. சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "உனக்கு எப்படி கீது, காட்டு" என்றாள். நான் திரும்பி உட்கார்ந்து காட்டினேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைய பயமுறுத்தாதடி" என்றாள்.

குழந்தை என் கழுத்தடியில் ஒரு விரலை வைத்து, எலும்போடு மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். "இங்க இந்தப் பக்கம் போவுது அத்தை. இங்க திரும்புது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள்.