பின்னால் போகிறவர்கள்

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டில் மற்ற பொத்தான்களெல்லாம் புதிது போல இருக்க, படத்தை நிறுத்தும் பொத்தான் மட்டும் எழுத்து அழிந்து வழவழவென்றிருக்கும். தேய்த்தது அப்பாவின் கட்டைவிரல்.

அப்பா போலீஸில் ஏட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேர்க் கூட்டத்தில் ஆளை அடையாளம் காண்பதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குத் தனிப் பெயர். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன அக்கா, அங்கேயே தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதும், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். அதன்பின் அவள் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் ராஜபாளையம் மில்லில் எனக்குப் பொங்கல் லீவு விட்டதும், "ஏலே, அந்த ஊருப் படம் நாலு பாத்து வையி" என்பார். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை.

படம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. குதிரையும் வாளும் வந்தால் ஆகாது. அந்தக் காலத்துச் சண்டை ஆகாது. ஒருமுறை மழையும் பச்சைப் புல்வெளியுமாக ஒரு படம் போட்டேன். "நல்லா எடுத்துட்டு வந்தலே, ஆடு மேய்க்கிற படம். இதுக்கு நம்ம வன்னியம்பட்டி போதாதா?" என்றார். அவருக்கு வேண்டியது இன்றைய தெரு, பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வராந்தா. கதாநாயகி முன்னால் நின்று அழுதுகொண்டிருப்பாள். அப்பா அவளுக்குப் பின்னால் குடை பிடித்துப் போகிறவர்களைப் பார்ப்பார். கறுத்த முடியோடு ஒரு பெண் கடந்தால் போதும், படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய் டிவியில் மூக்கு உரச நிற்பார். பிறகு வந்து உட்கார்ந்து மறுபடி ஓடவிடுவார்.

அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. "அவிய ஒரு வார்த்த கூப்பிட்டாப் போதும், அடுத்த பிளைட்டுல வாரேன்" என்று ஒவ்வொரு தடவையும் அழுவாள். கடைசிப் பொங்கலில், மூச்சு வாங்கிக்கொண்டே படம் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன். கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். "ஒரே ஒரு வார்த்தப்பா" என்றேன். அவர் போனைத் தொடவில்லை. "செத்த தள்ளுலே, மறைக்குது" என்றார்.

மாசி பிறக்கும் முன்பே போய்விட்டார். தூக்குவதற்குள் அக்காவால் வந்து சேர முடியவில்லை. அப்பா கூப்பிட்டதாக நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் முன்னமே வந்திருப்பாள். அவரும் விரட்டியிருக்க மாட்டார். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. பொய் சொல்லாதவனாக இருந்து நான் என்னத்தைக் கண்டேன் என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு அக்கா வந்தாள். அப்பா கடைசியாகப் பார்த்த படத்தைப் போடச் சொன்னாள். அவர் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். நாயகியின் தோளுக்குப் பின்னால், கறுப்புக் கோட்டு போட்ட யாரோ ஒருத்தி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"அயர்லாந்துல இந்த ஊருப் பக்கமே நான் போனதில்லயே தம்பி" என்றாள்.

ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த வழவழத்த பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தவில்லை. நானும் ஓடவிடச் சொல்லவில்லை.