அவசரம் வந்த மருமகள்

மன்னியின் கைபேசி எப்போதும் மிக்ஸியின் மேல் சாய்ந்துதான் நிற்கும். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில், ஒரு கையால் ரசத்தைக் கலக்கிக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் அவள் கதை எழுதுவாள். மன்னி என் அண்ணனின் மனைவி. ஹாலில் அம்மா தினமும் பார்க்கும் தமிழ் சீரியலின் மருமகள்தான் அவள் கதைக்கும் நாயகி. சீரியலில் அந்த மருமகள் எதற்கும் அழுதுகொண்டே தலையாட்டுவாள். ரசிகைகள் இணையத்தில் ஒரு குழு வைத்து அவளை இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள். ஒருத்தி கதையில் அவள் மாமியாரை அதட்டுவாள். இன்னொருத்தி கதையில் இருவரும் ஒன்றாகச் சினிமாவுக்குப் போவார்கள். மன்னியின் கதையில் மட்டும் அவள் வேலைக்குப் புறப்பட்டாள்.

மன்னி பி.காம். படித்தவள். நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் என் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது என்று நான் சொன்ன அன்று அம்மா, "இங்க அவளுக்கு என்னடி குறைச்சல்?" என்றாள். நான் அங்கே போய்வருவதில் அம்மாவுக்கு ஆட்சேபமே இல்லை. பொண்ணு போகலாம், மாட்டுப்பொண் போகப்படாது! அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னி அடுக்களைக்குப் போனாள். அன்றைக்குத்தான் அந்த வரியை எழுதினாள்: 'அவளுக்கு ஒரு அவசரம் வந்தது. கதவைத் திறந்து வெளியே போனாள்.'

திருவனந்தபுரத்தில் பிறந்து மலையாளத்தில் படித்தவளுக்கு அவசரம் என்றால் வாய்ப்பு. குழுவிலிருந்த மதுரைக்காரிகளுக்கும் சென்னைக்காரிகளுக்கும் அது வேறு. "பாத்ரூமுக்கா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நானும் மன்னியும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் மன்னி விளக்கம் சொல்வதற்குள் மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். வாய்ப்புக் கிடைத்து வெளியே போனவள் அவர்கள் கையில் அவசரக்குடுக்கை ஆனாள். யோசிக்காமல் வீட்டைவிட்டுப் போனாள், தெருவில் திண்டாடினாள், அழுதாள். ஆளுக்கொரு விதமாக எழுதினாலும் எல்லாக் கதையிலும் வீட்டுக்கே திரும்பி வந்தாள். சீரியலிலிருந்து தப்பித்தவளை இவர்கள் பிடித்துக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம்.

"அந்த ஒரு வார்த்தையை மாத்திடுங்கோ மன்னி, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

"பாக்கலாம், கேட்டியா" என்றாள்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிக் கழக்கூட்டத்திலேயே குடியிருக்கிறேன். போன வாரம் பஸ்ஸில் மன்னியின் புதிய அத்தியாயத்தைப் படித்தேன். அவளும் தன் மருமகளைத் திரும்ப அழைத்து வந்து, மாமியாருக்குக் காப்பி கலக்க வைத்திருந்தாள். 'இதுதான் எங்க பொண்ணு' என்று கீழே ஒரே பாராட்டு. பொறுக்கமாட்டாமல் உடனே கூப்பிட்டேன்.

"நீங்களுமா மன்னி? அவளை ஏன் திருப்பிக் கொண்டுவந்தேள்?"

பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"வெளில போனவ அப்பறம் என்ன பண்ணுவான்னு எழுத உக்காந்தா ஒண்ணும் வரலைடி. எனக்கு எப்படித் தெரியும்? நான் போனதில்லையே."