எதிரில் நடந்தவள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வினோதினியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டும். கிரிவலம் முடித்த கால்கள், தைலம் தேய்த்த கால்கள், கொப்புளம் உடைந்த கால்கள் என்று கூடம் முழுக்கக் கால்களாக நீட்டிக் கிடக்கும். ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டுகள். குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையை யாருடைய தலைமுடியோ சுருண்டு அடைத்திருக்கும். அன்னதானத்தில் வாங்கிவந்த தயிர்சாதம் தொன்னையோடு புளித்து ஈ மொய்க்கும்.

எல்லாரும் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள். அண்ணன் ராஜமாணிக்கம், அண்ணி சரோஜா, அவர்களோடு வேனில் தொற்றிக்கொண்டு வரும் சொந்தமும் சொந்தத்துக்குச் சொந்தமும்.

வினோதினி திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். தாலி கட்டியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அதிலிருந்து கிரிவலப் பாதையை ஒட்டிய இந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். பௌர்ணமி தவறாமல் அண்ணன் வருவார். மூட்டைகள் இறங்கும். "வினோ, பேக்கெல்லாம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் மலை சுற்றக் கிளம்புவார்கள். 'நீயும் வாயேன்' என்று கேட்க இத்தனை வருஷத்தில் ஒரு வாய் திறந்ததில்லை. ஊரே நடக்கும் சத்தம் வாசலில் கேட்க, மூட்டைகளோடு அவளும் ஒரு மூட்டையாக உட்கார்ந்திருப்பாள்.

அருவருப்பு அந்த நாற்றத்தின் மேல் மட்டுமா? இத்தனையும் கழுவித் தள்ளிவிட்டு, அடுத்த பௌர்ணமி எப்போது என்று காலண்டரைப் பார்க்கிறதே அவள் மனசு, அதன் மேல்தான் அதிகம். ஐயோ, மற்ற நாட்களில் அந்தக் கதவை யார் தட்டினார்கள்?

அந்த மாதம் ஓவிய ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். கொடுத்த தலைப்பு, தனிமை. வினோதினி ஒரு லினோலியத் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெத்தென்ற அந்தத் துண்டில் உளியால் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். மலையைச் செதுக்கினாள். அடிவாரத்தில் முகமில்லாத கூட்டத்தைச் செதுக்கினாள். அந்தக் கூட்டத்துக்கு எதிராக, தலை குனிந்தபடி ஒற்றைப் பெண் ஒருத்தி வருகிறாள். ஊர் போகிற வழியில் போகத் தெரியாத பாவி. அது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

படத்தை மாலைக்குள் கொடுத்தாக வேண்டிய நாள், பௌர்ணமிக்கு மறுநாளாக வந்து வாய்த்தது. சமையலறை மேடையில் லினோலியத்தைத் தேடினால், அதன் மேல் யாரோ காபி டம்ளரை வைத்திருந்தார்கள். எச்சில் வட்டத்தைத் துடைத்துவிட்டு மையை உருட்டினாள்.

"இன்னா வினோ, ஊடெல்லாம் நாறுது?" என்று சரோஜா முகத்தைச் சுளித்தாள்.

"மை வாசனை அண்ணி."

"காலங்காத்தால வவுத்தப் பொரட்டுது. நாலு பேரு தங்கற ஊடாச்சே, கொஞ்சம் சுத்தபத்தமா வெச்சிக்கக் கூடாதா?"

பின்னால் நின்ற சரோஜாவின் புடவையில் முந்தின நாள் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது. வினோதினி மையை இன்னும் அழுத்தி உருட்டினாள்.

ராஜமாணிக்கம் கொட்டாவி விட்டபடி வந்தார். "வினோ, அந்த இன்னொரு சாவி எங்க கீது? வேன் ஓட்றானே முருகவேலு, அவன்கிட்ட குடுத்து வெக்கலாம்னு பாக்கறேன். நம்ம ஊரு ஆளுங்க எப்ப மலை சுத்த வந்தாலும் எறங்கிக்குவாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுண்ணா சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? நீ ஒண்டிக்கட்ட, ஒனக்கு இன்னாத்துக்கு ரெண்டு ரூம்பு? நாலு பேரு வந்து போனாதான் ஒனக்கும் தொணை."

துணை! சாவி அலமாரி ஆணியில்தான் தொங்கியது. கொடுத்துவிட்டால் கதவு அடிக்கடி திறக்கும், பேச்சுக்குரல் ஜாஸ்தியாகும். அந்த ஆசை நெஞ்சுக்குள் வாலாட்டியபோது, தெருநாயை விரட்டுவதுபோல் அதை விரட்டத் தோன்றியது. காகிதத்தை மையின் மேல் பரப்பி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

எட்டிப் பார்த்த சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அபச்சாரம்! மலைய எடப்பக்கம் வெச்சினு நடக்குது பார் மொத்தக் கூட்டமும்! நம்ம ஊர்ல பொறந்தவ வரையற படமா இது?"

வினோதினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். மூலையில் தன் பெயரைக்கூட நினைவாகத் திருப்பித்தான் செதுக்கியிருந்தாள். ஆனால் கூட்டத்தைச் செதுக்கும்போது இந்த ஊர்க் கை ஏமாற்றிவிட்டது. மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடப்பவர்களைத் தவிர வேறு மாதிரி ஆட்களைப் போட அந்தக் கைக்கு வரவில்லை. அச்சில் அவர்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள்.

"கிழிச்சிப் போடும்மா. பாவம் சுத்தும்" என்றார் ராஜமாணிக்கம்.

கிழிக்கத்தான் கை வைத்தாள். அப்போதுதான் அந்த ஒற்றைப் பெண்ணைப் பார்த்தாள். கூட்டம் திரும்பியபோது அவளும் திரும்பியிருந்தாள். மலை அவளுக்கு வலப்பக்கம் இருந்தது. அத்தனை பேரில் முறையாக வலம் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

வினோதினியின் கண்கள் பொங்கின. மைக்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பானது.

"சாவி கெடையாதுண்ணா."

"இன்னாது?"

"முருகவேலுக்கும் கெடையாது, ஒங்களுக்கும் கெடையாது."

"பாத்தீங்களா கொழுப்ப! ஒண்டியாக் கெடந்து சாவட்டும், விடுங்க" என்றாள் சரோஜா.

"கெடக்கறேன் அண்ணி. இத்தினி வருசம் மூட்டைக்குக் காவலா கெடந்ததுக்கு இது மேல். அடுத்த பௌர்ணமிக்கு வாசல்ல நின்னு கூப்புடுங்க, கூட நடந்து வரேன். உள்ள மட்டும் வராதீங்க."

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். 'சரி, கூப்பிடறேன்' என்று ஒரு வார்த்தை வரும் என்று அந்தப் பாழும் மனசு அப்போதும் காத்திருந்தது. அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

வேன் போன பிறகு தொன்னைகளை வாரிக் குப்பையில் போட்டாள். குளியலறை ஓட்டையை அடைத்திருந்த முடியை விரலால் இழுத்து எறிந்தாள். இரண்டு அறைகளிலும் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

மேடையில் படம் அதற்குள் காய்ந்திருந்தது. அதை மாற்றிச் செதுக்கவில்லை. அப்படியே சுருட்டிக்கொண்டு கண்காட்சிக்குக் கிளம்பினாள்.