விடுபட்ட இருபது படங்கள்

அந்த வருடங்களில் விபத்துகளைப் படமாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எட்டுக் கணினிகள், நான், ஒரு கூட்டாளி. வேலையிடத்தில் யாராவது அடிபட்டால், அது நடந்த விதத்தைக் கணினியில் வரைந்து பாதுகாப்புக் கூட்டத்துக்குக் கொடுப்போம். அடுத்தவர் விழுந்ததில்தான் நம் சோறு என்று சொன்னால் கூட்டாளிக்குக் கோபம் வரும். அதற்காகவே அடிக்கடி சொல்வேன்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில், சாரத்திலிருந்து விழுந்து ஓர் ஊழியர் இறந்துபோனார். அப்போது பக்கத்தில் நின்றவர் அவருடைய மனைவியின் தம்பி. காலடியில் இருந்த பலகை நழுவிய பிறகுதான் விழுந்தார் என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். விசாரித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்களுடைய சொந்த ஊரில்தான் வேறு பேச்சு. விபத்துக்கு முந்தின நாள் கணவனும் மனைவியும் போனில் சண்டை போட்டிருந்தார்களாம்.

"மாமா தானா குதிச்சுட்டாருன்னு பேசுறாங்கண்ணே. அக்காவும் அதையே நெனச்சு அழுவுது. உங்க படத்தப் பாத்தா நம்பிரும்" என்றார் மைத்துனர்.

ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படங்கள். எட்டுக் கணினிகளும் பங்கு போட்டு இரண்டு நாள் வரைய வேண்டும். ஒவ்வொன்றும் வரையத் தொடங்குமுன், பொதுவான சேமிப்பில் அந்தப் படத்தின் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்துவிடும். உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்போமே, அதேதான். பொட்டலம் இருந்தால் மற்ற கணினி அந்த இடத்தைத் தொடாது. இரண்டாம் நாள் மதியம் மழையில் இணைப்பு ஏழெட்டு முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் கம்பியைப் பிடுங்கிச் செருகி, கணினிகளைத் திரும்ப எழுப்பிவிட்டேன். வரைந்துகொண்டிருந்தவை பாதியில் போயின. பொட்டலங்கள் மட்டும் மிஞ்சின. பெயருக்குக் கோப்பு இருந்ததால் திரையில் எல்லாம் 'முடிந்தது' என்றே காட்டியது. நானும் நம்பி மார்சிலிங்குக்கு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் அடுத்தடுத்து இருபது கோப்புகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். திரும்ப வரைய நேரமில்லை. முந்தைய படத்தையே இருபது முறை நகல் எடுத்து ஒட்டினேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். உறுத்தவில்லை. ஒரு நொடிகூட இல்லை, யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். என் சோம்பேறித்தனத்துக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

பட்டறையின் பெரிய திரையில் படம் ஓடியது. சாரத்தில் அந்த ஊழியர் நிற்கிறார். பலகை அசையாமல் கிடக்கிறது. அடுத்து காட்சி கீழிருந்து பார்ப்பதாக மாறுகிறது, அவர் காற்றில் இருக்கிறார். பலகை நழுவியது அந்த இருபதில்தான். பார்க்கிற எவருக்கும் அவர் குதித்ததாகத்தான் தெரியும். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மைத்துனர் முதல் வரிசையில் போனைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். பதிவு செய்கிறார் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் ஒரு பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தார்.

"பலக எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டார் மைத்துனர்.

மழையில் இணைப்பு அறுந்தது, கோப்பு, நகல் என்று என்னென்னவோ உளறினேன். உடனே தேக்காவுக்கு ஓடி அந்த இருபதையும் வரையவைத்து, பிற்பகலுக்குள் முழுப் படத்தையும் அவருக்கு அனுப்பினேன். பலகை நழுவுவது தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நானே போன் செய்து அக்கா பார்த்தார்களா என்று கேட்டேன்.

"பாத்துச்சுண்ணே. மொதல்ல காட்டுனதுதான் நெசமாம். இது அக்கா மனசு ஆறட்டும்னு நாம மாத்தி வரஞ்சதாம்."