வெவரமான ஜெபம்

எங்கள் பக்கத்தில் ஒருவரை ‘வெவரமான ஆளு’ என்றால் அது மெச்சிச் சொல்வதுதான். தண்ணீர் லாரி வரும்போது அடுத்தவர் குடத்தை நைசாகத் தள்ளி வைப்பவர் வெவரம். பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பவரும் வெவரம். நானும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தவன்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகளைப் பெண் கேட்டு வரும்வரை.

பந்தல்குடியிலிருந்து வந்தார்கள். சபைக்கு ஒழுங்காகப் போகிற குடும்பம். பையனுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. “வார ஞாயித்துக்கெழம பேசி முடிச்சிருவோம்” என்று அவன் தகப்பனார் எழுந்தபோது, “ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவம்” என்றார் என் அண்ணன் மனைவி. மதினி உருக்கமாக ஜெபிப்பார். முழங்காலிட்டோம்.

“கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்கு வர்ற வலிப்ப நீரே சொகமாக்கும். கட்டிக்கிட்டுப் போற எடத்துல கீழ விழுந்துராம காத்துக்கிடும் அப்பா.”

மூன்று வயதில் காய்ச்சல் ஏறி ஒரே ஒரு தடவை வந்த வலிப்பு அது. பிறகு வரவேயில்லை. மதினிக்குத் தெரியாததல்ல, அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அவர்தான்.

ஜெபம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து என் வாயும் ஆமென் என்றது. பழக்கம். பெற்றவனே ஆமென் சொன்னபின் வந்தவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு? வாசல்வரை போய் விளக்கிச் சொன்னேன். “அதுக்கென்ன, சொல்லி அனுப்புறோம்” என்று போனார்கள். ஆள் வரவில்லை. நாலாம் மாதம் அதே பையனுக்கும் மதினியின் மகளுக்கும் எங்கள் சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள்.

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்டார். என்னவென்று எழுந்து சொல்வேன்? என் பிள்ளைக்காக ஜெபித்துவிட்டார்கள் என்றா?

வெளியே வந்ததும் கூட்டாளி ஒருவர் தோளைத் தட்டினார். “ஏலே, ஒங்க மதினி லேசுப்பட்ட ஆளில்ல. வெவரம்லே!”

என் மனைவி திரும்பி நின்றாள். “சூதுன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வலிக்குதாண்ணே?”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் விளக்கிக்கொண்டே மகள் கேட்டாள்.

“பெரியம்மா சொன்னது கெடக்கட்டும்ப்பா. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க எதுக்கு ஆமென் சொன்னீக?”

எழுந்து வாசலுக்குப் போனேன். அவளுக்கு வேறு இடம் அமைய ஆறு வருஷம் ஆயிற்று. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், மதினிக்காக ஜெபிக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.